மரச்சீனி மூட்டில் ஒரு கம்பி

எங்கள் ஊரும் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று கோஷம் போட்டு ஜாதா என்ற ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. பாறசாலையில் பாதி ஆண்கள் தொண்டை கட்டித் திரிந்தார்கள். என் அப்பா மட்டும் வீட்டுச் சாய்ப்பில் உப்பு வைக்கும் மரக்கிண்ணமான மரவையைக் கடைந்துகொண்டிருந்தார். கோஷம் கேட்டால் கடைசல் எந்திரத்தை இன்னும் வேகமாக மிதிப்பார். அவ்வளவு தைரியசாலி.

மரக்கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குக் கூம்பிய வால் உண்டு. எந்திரத்தின் தலைப்பக்கத் துளையில் அதைச் செருகித் தட்டினால் இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தை மட்டும் அப்பா நம்பமாட்டார். பின்பக்கமாக ஒன்றரை முழ இரும்புக் கம்பியை நுழைத்து, சக்கின் வாலில் திருகி, வெளியே நட்டை முறுக்கிக் கட்டிய பிறகே மிதியில் கால் வைப்பார்.

"வீட்டுல இரும்புக் கம்பி கெடந்தாலே போலீசு பிடிச்சிட்டுப் போறானுவளாம்" என்று அம்மா ஒருநாள் சொன்னாள். எனக்கு அப்போது எட்டு வயது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில், கழற்றி வைத்திருந்த கம்பியை எடுத்துப்போய் கொல்லையில் மரச்சீனிக் கிழங்குச் செடியின் மூட்டில் புதைத்துவிட்டேன்.

அப்பா வீடெல்லாம் தேடினார். என்னிடமும் கேட்டார். தலையாட்டினேன், இல்லையென்று. மரவை அன்றே கொடுக்க வேண்டியது. "பைய கடைஞ்சா நிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாலை உலர்ந்த துணியால் துடைத்து, மரச்சுத்தியலால் தட்டி இறுக்கி மிதித்தார். சற்று நேரம் நின்றது. பலாக்கட்டையின் கணுவில் உளி சிக்கியதும் சக்கும் கட்டையும் சேர்ந்து தெறித்து அவர் நெற்றியைப் பிளந்தன. அம்மா சேலையைக் கிழித்துக் கட்டினாள். நான் செத்துப்போகலாம் போலிருந்தது.

சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அன்றைய ஜாதாவில் அடிதடி. காயம்பட்டவர்களைத் தேடி வீடு வீடாக ஏறினார்கள். அவர்களில் மூத்தவர் அப்பாவின் நெற்றிக்கட்டைப் பார்த்தார்.

"ஜாதாவுக்குப் போயதல்லே?"

"இல்ல ஏமானே. எந்திரத்துல அடிபட்டதாக்கும்."

அவர் எந்திரத்தைப் பார்த்தார், ரத்தம் தெறித்த மரச்சீவலைப் பார்த்தார். பாதி நம்பிவிட்டார். போகலாம் என்று மற்றவருக்குக் கண்ணும் காட்டினார்.

எனக்குப் பாதி போதவில்லை. கம்பியைப் பற்றி அம்மா சொன்னதும் அந்த நேரம் மறந்துபோயிற்று. ஓடிப்போய்க் கம்பியைத் தோண்டியெடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். "அப்பா சொல்லியது நேராக்கும் ஏமானே! இது இல்லாததுனாலதான் தெறிச்சுது. நானாக்கும் ஒளிச்சு வச்சேன்."

அவர் கம்பியையும் அதில் ஒட்டியிருந்த ஈரமண்ணையும் பார்த்தார். பிறகு அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். கம்பியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்பாவை நடக்கச் சொன்னார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் தலையில் கை வைத்தார். "நல்லதாக்கும் செய்தே மக்கா. வயறு நெறையத் தின்னுட்டு ஒறங்கு" என்றார். கம்பியோடு அவரையும் கூட்டிப்போனார்கள்.

அன்றிரவு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் அப்பாவைக் காப்பாற்றியது நான்தான் என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.