கடற்படைக்கு நான் எழுதிய மூன்று பக்கம்

இந்தியக் கடற்படைக்கே போர்த் திட்டம் வகுத்துக் கொடுத்த மடையன் நான். குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்காத ஆள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அக்காவும் சர்ச்சில் ஆராதனை முடிந்து அருமனையிலுள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அத்தானின் கம்பெனியிலிருந்து போன். சோமாலியா பக்கம் கொள்ளையர்கள் கப்பலில் ஏறிவிட்டார்கள். மாலுமிகள் எஞ்சினுக்குப் பக்கத்து இரும்பு அறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் வந்து சேரவில்லை, யாரென்று சொல்லவில்லை. நம் போர்க்கப்பல் அருகிலேயே நிற்கிறது. டெல்லியிலிருந்து அனுமதிதான் வரவேண்டும்.

அனுமதி என்று கேட்டதும் எனக்குப் பொங்கிவிட்டது. பீரங்கி வைத்திருப்பவனுக்கு எதற்கு அனுமதி? பிரதமருக்கு, ஆட்சியர் வழியாக, மூன்று பக்கம் எழுதினேன். அக்கா அழுதபடியே, படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் திங்கட்கிழமை. வரிசையில் எங்கள் முறை வந்ததும் மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மா நிமிராமலே கேட்டார்.

“பட்டாவா, பென்சனா?”

“கப்பல் மேடம். உடனே தாக்கணும்.”

அந்த அம்மா நிமிர்ந்தார். அதற்குள் அக்கா மனுவைப் பிடுங்கிப் படித்துவிட்டாள்.

“ஏலே, தாக்கணும்னா எழுதி வச்சிருக்க? அவியளும் அதுக்குள்ளதானல இருக்காவ!”

“கொள்ளக்காரனத்தாங்க்கா தாக்கச் சொன்னேன்.”

“ஒருத்தரு வெளிய நிக்காருன்னு கேட்டியா இல்லியா? சண்ட வந்தா அவரத்தான முன்ன பிடிச்சு நிறுத்துவான்? அது அவியளா இருந்தா?”

அக்கா என் பேனாவையே வாங்கி, மூன்று பக்கத்தையும் குறுக்கே அடித்து, அடியில் ஒரே வரி எழுதினாள்: ‘எல்லாரும் அந்த அறைக்குள் சேர்ந்தது உறுதியான பிறகே அனுமதி கொடுக்கவும்.’ மேஜைக்கார அம்மா எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மீட்டுவிட்டதாகப் போன் வந்தது. அக்காவின் மனு அந்நேரம் அந்த மேஜையை விட்டே நகர்ந்திருக்காது. ஆனால் டெல்லி போட்டிருந்த நிபந்தனையும் அதேதானாம். ஹெலிகாப்டர் தயார், கமாண்டோக்கள் தயார். எங்கோ ஓர் அறையில் சிலர் ‘சரி’ என்று சொல்லாததால் அத்தனை பலமும் கடலில் கைகட்டி நின்றிருக்கிறது. அதுவும் ஒரே ஒரு ஆளுக்காக. எங்கள் ஊர் பஸ் ஒரு ஆளுக்காக ஒரு நிமிடம் நிற்காது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அந்த ஒரு ஆள் அத்தான்தான். அடுப்பை அணைக்கப் போனவர் பின்தங்கி, சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்திருக்கிறார். கொள்ளையர்கள் மேல்தளத்துக்குப் போன நேரம் பார்த்து இரும்பு அறைக்கு ஓடிச் சேர்ந்த பிறகுதான் டெல்லி வாய் திறந்தது.

அவர் வீடு வந்ததும் நான் பத்திரமாக வைத்திருந்த ஜெராக்ஸை நீட்டினேன்.

“அத்தான், ஒங்களுக்காவ எழுதுனது.”

பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்தார். இரண்டாம் பக்கத்தில், சமையலறைப் பக்கம் ஆள் இருக்க வாய்ப்பில்லாததால் முதல் குண்டை அங்கே போடலாம் என்று நான் யோசனை சொன்ன இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“கொள்ளக்காரனே தேவல மாப்ள.”