எலுமிச்சைக்கு மருந்தடித்த வாரம்

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். மற்ற நாட்களில் வடகரை வீட்டில் நானும் மகளும்தான். அவளும் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சமையல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சப் பகலை என்ன செய்வதென்று தெரியாமல்தான் பின்வாசலில் செடி வைக்க ஆரம்பித்தேன்.

முதலில் இட்லிப்பூ, அப்புறம் செம்பருத்தி, கேந்தி. செம்பருத்திப் பூக்களின் அடிப்பக்கத்தில் தினமும் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. பூச்சி என்று நினைத்துக் காத்திருந்து பார்த்தேன். தேன்சிட்டு. பூவுக்குள் எட்டிப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல், காம்போரம் அலகால் குத்தித் தேனை உறிஞ்சிவிட்டுப் போனது. அன்றிலிருந்து நான் பூப்பறிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

"செடியிலயே வாட விடுதியே, யாருக்குட்டி இந்தப் பூவு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"வர்றவங்களுக்குக்கா" என்றேன். யாரோ விருந்தாளி வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஊறுகாய்க்காக ஓர் எலுமிச்சையும் வைத்திருந்தேன். முதல் வருடம் அதன் கொழுந்தையெல்லாம் பச்சைப் புழுக்கள் மேய்ந்தன. குச்சியால் தட்டி, பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். என் கண்ணுக்குத் தப்பிய ஒன்று சுவரோரம் கூடாகத் தொங்கியது. ஒரு காலையில் துணி துவைக்கப் போனபோது அந்தக் கூடு பிளந்திருந்தது. கசங்கிய சிறகோடு ஒரு வண்ணத்துப்பூச்சி அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. சிறகு விரிந்து காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள். கேந்திக்கும் இட்லிப்பூவுக்கும் நித்தம் வருகிற அதே பூச்சி. துவைக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது. ஊறுகாய்க்கு எலுமிச்சை சந்தையில் கிடைக்கும் என்று முடிவு செய்தேன்.

அப்புறம் ஒருநாள் வீடியோ காலில் கணவருக்கு மரத்தைக் காட்டினேன். "பாருங்க மச்சான், ஒரு எல விடாம தின்னு தீத்துட்டு!" என்று சிரித்தேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம். அவர் தலையை ஆட்டினார்.

போன ஆனியில் லீவுக்கு வந்தார். சாரல் தொடங்கியிருந்தது. வந்த நாலாம் நாள், உடம்பு சரியில்லாத என் சாச்சியைப் பார்க்க வீரகேரளம்புதூர் போனேன். சாயங்காலம் திரும்பிவந்து வாசல் கதவைத் திறக்கும்போதே மூக்கில் நெடி ஏறியது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் பின்வாசலில் நின்றார்.

"ஏட்டி, ஒன் புழுச் சள்ளய முடிச்சிட்டேன். தென்காசியில கேட்டு நல்ல மருந்தா வாங்கிட்டு வந்தேன். பூச்செடிக்கும் சேத்து அடிச்சிட்டேன், பாரு."

எலுமிச்சையின் அடியில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு நாள் சாப்பிடக் கூப்பிட்டதைத் தவிர அவரிடம் எதுவும் பேசவில்லை. தேன்சிட்டின் சத்தமும் இல்லை. அவர் பின்வாசலில் நின்று, "பூவெல்லாம் நல்லாத்தான இருக்கு, இவளுக்கு என்ன?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டது காதில் விழுந்தது. பூ நன்றாகத்தான் இருந்தது, தேன் குடிக்கத்தான் ஒன்றும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

மூன்றாம் நாள், "குத்தாலத்துக்குப் போய்ட்டு வருவோமா?" என்றார். மாட்டேன் என்று சொல்லவும் தெம்பில்லாமல் கிளம்பினேன். அருவியை நெருங்க முடியாத கூட்டம். எண்ணெய் வாடையும் பஜ்ஜி வாடையும் கலந்து வந்தன. கூட்டத்தை விட்டு விலகி, ஓடைக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். சாரல் நின்று கொஞ்சம் வெயில் வந்தது. ஈரமணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறங்கி, சிறகு துடிக்கத் தண்ணீர் உறிஞ்சின.

"இது நீ போன்ல காட்டுவியே, நம்ம பூவுக்கு வருமே, அதுதான?" என்றார்.

"அதுதான். நீங்க மருந்தடிச்சிக் கொன்ன புழுதான் இது."

அவர் குனிந்து பூச்சிகளைக் கிட்டத்தில் பார்த்தார்.

"நெசமாவா? நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"சொன்னேனே. சிரிச்சிக்கிட்டே காட்டுனேன்."

"நீ சிரிச்சது எனக்குக் கேக்கலியே. எலயெல்லாம் ஓட்டையா தெரிஞ்சிச்சி. தனியா கெடந்து கஷ்டப்படுதான்னு நெனச்சேன். இங்கன இருக்கிற நாள்ல இதையாவது சரிபண்ணிக் குடுத்துட்டுப் போவோம்னு பாத்தேன்."

இவ்வளவு வருடத்தில் அவர் இல்லாமல் நான் சரிசெய்துகொண்ட காரியங்கள் எத்தனையோ. குழாய், கூரை ஒழுக்கு, மகளின் காய்ச்சல். ஒவ்வொன்றையும் அவரால் அங்கிருந்து கேட்க மட்டும்தான் முடிந்தது. அவருடைய கோணத்திலிருந்து அதை நான் யோசித்ததே இல்லை. கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும், முதல் வருடம் நான் புழுக்களைக் கோழிக்குப் போட்ட கதையை அவரிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப நீயும் கொலகாரிதான்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்ச லீவில் தினமும் காலையில் அவரே செடிகளுக்குத் தண்ணீர் பீச்சி இலைகளைக் கழுவினார். மருந்து பட்ட பூக்களை நறுக்கிக் குழியில் புதைத்தார். மழையும் பெய்து கழுவியது. தேன்சிட்டு ஒருநாள் வந்து செம்பருத்தியைச் சுற்றிவிட்டுப் போனது. வண்ணத்துப்பூச்சி ஒன்றும் வரவில்லை. அதைப் பார்க்காமலேயே அவர் விமானம் ஏறினார்.

எலுமிச்சை புதுத்தளிர் விட்ட பிறகுதான் முட்டைகளைப் பார்த்தேன், கடுகைவிடச் சின்னதாய், மஞ்சளாய். படம் எடுத்து அனுப்பினேன். அதிலிருந்து தினமும் போன் வந்தது. "ரூம்ல எல்லாரும் கேக்காங்க. மலையாளத்துக்காரர் ஒருத்தர் அதுகளுக்குப் பேரே வச்சிட்டார்" என்றார். ஆறு புழுக்கள் பொரிந்து விரல் நீளத்துக்கு வளர்ந்தன. அப்போது ஒரு மத்தியானம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கி, நான் ஓடிப்போவதற்குள் நாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. இதை எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கித்தான் அவரிடம் சொன்னேன்.

"அந்தக் குருவிக்குக் குஞ்சு இருக்குமோ?" என்று கேட்டார்.

"இருக்கும்" என்றேன்.