நைலான் கஸ்வான்

எங்கள் தெருவில் வந்து கஸ்வான் வீடு எது என்று கேட்டால், எந்தக் கஸ்வான் என்று திருப்பிக் கேட்பார்கள். நைலான் கஸ்வான் என்று சொன்னால் போதும், கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அவர் என் அக்கா இப்திஸாமின் கணவர். பஸ்ரா துறைமுகத்தில் இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. யார் வம்புக்கும் போகாத மனிதர். ஆனால் எதை வாங்கினாலும் அதன்மேல் ஒட்டி வந்த நைலானைக் கழற்ற மாட்டார்.

நம் ஊரில் இந்த வியாதி எல்லா வீட்டிலும் கொஞ்சம் உண்டு. ரிமோட்டை உறையோடுதான் அமுக்குவோம். கஸ்வானுக்கு அது முற்றிப்போயிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த நைலான் மஞ்சளாகி, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. விருந்தினர் அறை சோபாவில் யாராவது உட்கார்ந்தால் அடுக்களைவரை சத்தம் கேட்கும். காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவருடைய ஒரே மகள் ரஃபல் பிறந்த வருஷம் வாங்கிய கார். அவள் இப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள், சீட்டுகள் இன்னும் நைலானுக்குள்ளேயே இருக்கின்றன. ஜூலை மாதத்தில் அதில் ஏறி இறங்கினால் முதுகுத் தோல் சீட்டோடு போய்விடும். அதனால் ரஃபல் கையோடு ஒரு துணியைக் கொண்டுபோய் விரித்துத்தான் உட்காருவாள்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஈராக்மேல் உலகம் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் மீசை முளைத்த ஆள் அவர். அந்த வருஷங்களில் ஒரு பல்பு எரிந்துபோனால் இருட்டில் உட்கார வேண்டியதுதான். அவர் அப்பா வீட்டின் உள்கதவுகளைக் கழற்றி விற்று மாவு வாங்கினார். ஒரு பொருள் கெட்டால் இன்னொன்று வராது என்ற பயம் கஸ்வானுக்கு எலும்புக்குள் இறங்கிவிட்டது. இவ்வளவும் தெரிந்தும் எனக்கு எரிச்சல் வரும். காரணம் தெரிந்தால் எரிச்சல் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

ரஃபல் படிப்பது கட்டடக்கலை. கடைசி ஆண்டு வேலையாக ஷத் ஆற்றங்கரையில் நிழலோடு ஒரு மீன்சந்தை வரைந்திருந்தாள். வெயிலில் மீனும் வாடக்கூடாது, விற்கிற பெண்களும் வாடக்கூடாது என்பது அவள் எண்ணம். வரைபடம் முடிந்துவிட்டது. அதை நிஜக் கட்டடம் போலப் படங்களாக்கித் தருவது கம்ப்யூட்டரின் வேலை. வீட்டிலிருந்த பழைய பெட்டியோ ஒரு சுவரைக் காட்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். கல்லூரியில் இருந்தவற்றின் முன்னால் வகுப்பே வரிசையில் நின்றது. அடுத்த வியாழன் நண்பகலுக்குள் படங்களைக் கொடுக்காவிட்டால் முழு வருஷத்தையும் மறுபடி படிக்க வேண்டும்.

நானும் கஸ்வானும் கடைக்குப் போனோம். பெட்டி பழசாகவே இருக்கட்டும், உள்ளே சிலதை மாற்றினால் போதும் என்றான் கடைக்காரன். வேகமான பிராசஸர், அதைக் குளிரவைக்க அதன் தலையில் உட்காரும் பெரிய ஃபேன், கூடுதல் ரேம், புது டிஸ்க்.

"பெட்டியைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க ஹாஜி. சாயங்காலம் ரெடியா இருக்கும்."

கஸ்வான் அவனைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் எவன் தன் பெட்டியைக் கடையில் விட்டுவிட்டு வருவான்? வீட்டுப் பெண்களின் மருதாணி ராத்திரிப் படங்கள், முக்காடில்லாமல் ஆடிய படங்கள் எல்லாம் அதற்குள்தானே கிடக்கின்றன. கடைக்காரன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் கை சும்மா இருக்கும் என்று யார் கண்டது?

வெளியே வந்ததும், "டிஸ்கை மட்டும் கழட்டி வச்சுக்கிட்டுப் பெட்டியைக் கொடுங்களேன், அபூ ரஃபல்" என்றேன். ரஃபலின் அப்பா என்று மகள் பேரைச் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவேன்.

"கொடுத்தா? நல்ல சாமானை உருவிட்டு ஓட்டை உடைசலைப் போட்டு அனுப்புவான். நீ பார்த்துக் கண்டுபிடிச்சிடுவியா?"

"நான் தண்ணி சுத்திகரிக்கிற எடத்துல மோட்டார் பார்க்கிறவன். எனக்கு என்ன தெரியும்?"

"மோட்டார்லயும் ஸ்க்ரூ இருக்கு, இதுலயும் ஸ்க்ரூ இருக்கு. வா, நாமளே மாத்துவோம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மீனும் சோறும் சாப்பிட்ட கையோடு, உணவு மேஜையில் பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தோம். பஸ்ராவின் தூசியில் பாதி அதற்குள்தான் இருந்தது. ரேமைச் செருகினோம், புது டிஸ்கை மாட்டினோம், பழைய ஃபேனைக் கழற்றிப் புது பிராசஸரை வைத்தோம். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கேஸ் வண்டியின் பாட்டு கேட்டது. "டேய், சிலிண்டரைத் தூக்கிட்டுப் போடா!" என்று அக்கா கத்தினாள். நான் காலி சிலிண்டரோடு ஓடினேன். திரும்பி வந்தபோது கஸ்வான் சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி, பெரிய ஃபேனை உட்காரவைத்து, கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா? ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் விழித்துக்கொண்டது. ரஃபல் குதித்துப்போய் அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தாள். மீன்சந்தையைத் திறந்து படமாக்கச் சொன்னாள். ஃபேன் விமானம் போலக் கத்தியது. ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் திரை கறுத்து, பெட்டி செத்துப்போனது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் எழுந்தது. வேலை கொடுத்தால் மறுபடி செத்தது.

நம் ஊரில் எது நின்றாலும் முதல் குற்றவாளி கரண்ட்தான். அப்போது ஓடிக்கொண்டிருந்தது, அரசாங்கக் கரண்ட் இல்லாத நேரத்தில் காசுக்குக் கரண்ட் தரும் தெரு ஜெனரேட்டரின் லைன். கஸ்வான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரோடு சண்டைக்குப் போனார். ஜெனரேட்டர் வைத்திருக்கும் அபூ கைஸ், பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"உன் லைன் சரியில்ல, அபூ கைஸ். என் மகளோட பெட்டி அணைஞ்சு அணைஞ்சு போகுது."

"தெரு முழுக்க இதே லைன்லதான் ஏசி ஓடுது. உன் பெட்டிக்கு மட்டும் நோகுதா? அதுக்கும் ஒரு நைலானைப் போட்டு மூடு, எல்லாம் சரியாயிடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கஸ்வான் முகம் சிவந்து திரும்பிவிட்டார். சாயங்காலம் அரசாங்கக் கரண்ட் வந்தது. அதிலும் பெட்டி அதே மாதிரி செத்தது.

அதன்பிறகு நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். பழைய டிஸ்கில் ஓடவிட்டோம். என்னோடு வேலை பார்ப்பவனிடம் இருந்து வேறொரு பவர் சப்ளையைக் கடன் வாங்கி மாட்டினேன். எதற்கும் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை ரஃபல் பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் மளமளவென்று ஏறியது. தொண்ணூறைத் தாண்டியதும் பெட்டி அணைந்தது. கருகிப்போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைகிறது என்று புரிந்தது.

"சூடுதான்!" என்று கத்தினேன்.

"ஜூன் மாசம் பஸ்ராவுல எதுடா சூடாகாது? எனக்கே அணைஞ்சு போகத்தான் தோணுது" என்றாள் அக்கா.

அங்கேதான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். சூடு என்றதும் ஊர்மேல் பழியைப் போட்டுவிட்டோம். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தோம். ஏசிக்கு நேர் கீழே கொண்டுபோனோம். அக்கா தண்ணீர் பாட்டிலை உறையவைத்து அதன் பக்கத்தில் நிறுத்தினாள். பெட்டி கொஞ்சம் கூடுதலாக உயிரோடிருந்துவிட்டு, மீன்சந்தையின் கூரை பாதி வந்ததும் செத்தது. எனக்கு அதைத் தூக்கி ஷத்தில் வீசிவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை காலை ரஃபல் முகம் வீங்கி வந்து நின்றாள். அவள் அழுகிற பெண் இல்லை.

"பாபா, கடைக்கே எடுத்துட்டுப் போங்க. பழைய டிஸ்கோட இருந்தாலும் பரவாயில்ல, கழட்டி மாட்டிக்கிட்டு இருக்க நேரமில்ல. போட்டோ போனா போகட்டும். என் வருஷம் போகுது பாபா."

கஸ்வான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "சரிம்மா" என்றார் கடைசியில். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் என்ன பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது.

ஆனால் எழுந்தவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போய்ப் பெரிய நைலான் சுருளை எடுத்துவந்து, வழியில் தூசி படக்கூடாது என்று பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சோபாவில் வழுக்கி விழுந்த கோபமெல்லாம் ஒன்றாக வந்தது.

"சுத்து, நல்லா சுத்து! மகள் வருஷம் போகுது, இந்த மனுஷனுக்கு நைலான் ஒண்ணுதான் குறைச்சல். அந்தப் புது ஃபேனையும் நைலானோடதான் உள்ள வச்சிருப்பீங்க!"

"பின்ன?" என்றார் கஸ்வான், சுற்றிக்கொண்டே. "புதுசுல்ல? கழட்டினா கீறல் விழாதா?"

நான் எட்டி அந்தச் சுருளைப் பிடித்து நிறுத்தினேன்.

"எந்த நைலான், அபூ ரஃபல்?" என்று கேட்டேன்.

"அடியில, அந்தப் பளபள தகடு இருக்கே, அதுல ஒட்டியிருந்தது. அதுக்கு மேலதான் பசையைத் தடவினேன்."

"யா அல்லாஹ்!" என்று ரஃபல் தலையில் கை வைத்தாள்.

அந்தத் தகடு பிராசஸரைத் தொட்டுச் சூட்டை உறிஞ்ச வேண்டும். நடுவில் நைலானை விட்டால் சூடு எங்கே போகும்? சுற்றியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ஃபேனைக் கழற்றினேன். கவிழ்த்துப் பார்த்தால் பசைக்கு அடியில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்து வேறு.

"பொருத்துறதுக்கு முன்னாடி உரிச்சிடணும்னு போட்டிருக்கே பாபா!"

"படிச்சேனே. எல்லாத்துலயும்தான் அப்படிப் போட்டிருக்கும். நம்ம ஃப்ரிட்ஜ்லயும் போட்டிருந்துது. உரிச்சோமா?"

ரஃபல்தான் முதலில் சிரித்தாள். அழுத கண்ணோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சுவரில் சாய்ந்து சிரித்தாள். கஸ்வான் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் சிரித்தார்.

"நீங்களே உரிங்க பாபா" என்று ரஃபல் ஃபேனை அவரிடம் நீட்டினாள்.

வாழ்நாளில் அந்த வேலையைச் செய்யாத விரல்கள். மூலையை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, ஒருவழியாகப் பிடித்து இழுத்தார். சர்ரென்று வந்தது. அடியிலிருந்த தகடு கண்ணாடி மாதிரி மின்னியது.

"அழகா இருக்கே" என்றார் ஆச்சரியமாக.

பழைய பசையைக் கொலோனும் பஞ்சும் கொண்டு துடைத்தோம். குழாயில் மிச்சமிருந்ததைத் தடவி ஃபேனை மறுபடி உட்காரவைத்தேன். ரஃபல் படமாக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெப்பம் கொஞ்சம் ஏறியது, அப்படியே நின்றுவிட்டது. கூரை வந்தது. பாதியில் நிற்கவில்லை. கூரைக்குக் கீழே நிழல் வந்தது, மீன் பரப்பும் மேடைகள் வந்தன, தூரத்தில் ஷத் வந்தது. தேநீர் ஆறிப்போனது, பெட்டி உயிரோடிருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. கண்ணும் கலங்கியது, கலங்கினால் என்ன?

அன்று சாயங்காலமே கஸ்வான் ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழப் பலகாரத்தோடு அபூ கைஸிடம் போய் மன்னிப்புக் கேட்டார். என்ன ஆனது என்று அவர் கேட்க, இவர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். தெரு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

வியாழன் காலை ரஃபல் படங்களோடு கல்லூரிக்குக் கிளம்பினாள். நானும் வாசலில் நின்றிருந்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டையும், சீட்டில் விரிக்கும் துணியுமாக வந்து கார் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசல் குப்பைத் தொட்டியில் மஞ்சளேறிய நைலான் மலை போலக் கிடந்தது. விடிந்ததிலிருந்து தனியாக உட்கார்ந்து உரித்திருக்கிறார் மனிதர்.

ரஃபல் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"பாபா, இது நீலமா?"

"ஆமா."

"நான் பொறந்ததுல இருந்து இது பழுப்புன்னுல்ல நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

ஓட்டும் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கஸ்வான் அவளைப் பார்க்காமல் சாவியைத் திருகினார்.

"உனக்காகத்தான் வச்சிருந்தேன். நீ பெரியவளாகி உட்காரும்போது புதுசா இருக்கணும்னு."

ரஃபல் கையிலிருந்த துணியை மடித்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு, ஏறி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.