கிடாய்க்காகச் சுற்றிய பந்து

எனக்கு எண்பத்திரண்டு வயது. வளர்த்தது ஏழு பிள்ளைகள். அதற்கும் முன்னால் ஒரு கிடாய். பிள்ளைகளின் பெருமையை அவரவரே பேசிக்கொள்கிறார்கள். கிடாய்க்குப் பேச வராது, அதனால் நான் எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் பந்தாட்டத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலாயாவில் புலாவ் செபாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை காலம். நான் கல்யாணமாகி வந்த புதிது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கும் என் வீட்டுக்காரர்தான் தோட்டத்துப் பந்துக் குழுவுக்குக் கேப்டன். வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வேக்காரர்களோடு ஆட்டம். ஒரு வருஷம் அவர்கள் ஆடு கொண்டுவருவார்கள், மறு வருஷம் நாங்கள். ஜெயித்த கட்சி அதை வெட்டிச் சாப்பிடும். சமமாக முடிந்தால் ஆடு வீட்டுக்குத் திரும்பும். அப்படி எந்த ஆடும் திரும்பியதில்லை.

அந்த வருஷம் எங்கள் முறை. வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே என் கிடாயைத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். தாய் செத்த குட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊட்டி வளர்த்தவள் நான்.

"தோத்தா அவங்க திம்பாங்க, ஜெயிச்சா நீங்க திம்பீங்க. என் கிடா எதுல பொழைக்கும்?"

"கேப்டன் வீட்டு ஆடுன்னா ஒரு மரியாதை லா."

"கிடா திரும்பி வரலன்னா, உங்க சோத்த நீங்களே ஆக்கிக்குங்க."

மறுநாளே குழுவைக் கூட்டிப் புது ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மரம் வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நிரை உண்டு, அதாவது ஒரு வரிசை மரங்கள். அடுத்தவன் நிரையில் கால் வைத்தால் சண்டைதான். திடலையும் அப்படியே நிரை நிரையாகப் பிரித்துவிட்டார்.

"அவனவன் நிரைய விட்டு நகராதீங்க. பந்தப் பக்கத்து நிரைக்குத் தள்ளுங்க. பந்து நம்மகிட்ட இருக்கிற வரைக்கும் அவன் எப்படிடா கோல் போடுவான்?"

"நாம எப்பண்ணே போடுறது?" என்று ஒருவன் கேட்டான்.

"அது வர்றப்ப வரும்."

உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த ஆட்டம் பலித்தது. பூட்ஸ் போட்ட ரயில்வேக்காரர்கள் பந்தைத் துரத்தித் துரத்தி நாக்குத் தள்ளி நின்றார்கள். வெறுங்காலோடு ஆடிய எங்கள் ஆட்களுக்கு வேர்க்கக்கூட இல்லை. குறை என்னவென்றால், பார்க்க வந்தவர்களுக்கும் வேலை இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் கொட்டாவி விட்டார். கச்சான் கடலை விற்க வந்த மலாய்க்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். மற்றவர்கள் "அடிங்கடா! அடிங்கடா!" என்று கத்தினார்கள்.

நான் ஒருத்திதான் எழுந்து நின்று, "அடிக்காதீங்க! வச்சுக்குங்க!" என்று கத்தினேன்.

மாமியார் என் தொடையைக் கிள்ளினார். "மானத்த வாங்காத, உக்காருடி!"

முடியப் போகிற நேரத்தில் பந்து இரண்டு நிரைகளுக்கு நடுவில் போய் நின்றது.

"உன் நிரைடா!"

"எது? ஒன்னோடதுடா!"

இருவரும் நகரவில்லை. மலைபோல ஒரு ரயில்வேக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். ஓங்கி அடித்தான். மரத்தில் கட்டியிருந்த கிடாய் கத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பி, என் வீட்டுக்காரர் காலுக்கே வந்தது. ரயில்வேக்காரர்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் ஏறி வந்திருந்தார்கள். எதிரே கோல் வாசல் திறந்து கிடந்தது. என் மாமியாரே எழுந்துவிட்டார்.

"அடிடா மவனே!"

அவர் ஓடினார். கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி, பந்தைப் பின்னால் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டார். விசில் ஊதியாயிற்று.

குழுவே அவரைச் சூழ்ந்துகொண்டது. "கையில வந்த பந்த விட்டுக்கொடுக்கக் கூடாது, அதான் நம்ம ஆட்டம்," என்றார் நிமிர்ந்து நின்று. கொஞ்ச நாள் ஒருவரும் அவரோடு பேசவில்லை. நான் பேசினேன், சோறும் ஆக்கிப் போட்டேன். கிடாய்க்குத்தான் நன்றியில்லை, அவருடைய கேப்டன் சட்டையைத் தின்றுவிட்டது.

இப்போது டிவியில் பந்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவதைப் பார்த்து, புது வித்தை என்கிறான் பேரன். இந்தா ராசா, இதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. உன் தாத்தா என்னைப் பார்த்த இடத்தில் மட்டும் அவசரப்படாதே.