ஒழுகிய வீட்டுக்கு அடித்த வெள்ளை

ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்தது, ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று. எனக்குத் துணிக்கடையில் வேலை. துணியை அளந்து கிழித்துக் கொடுப்பேன். வாடிக்கைக்காரர்களிடம் பேசுவதெல்லாம் முதலாளி. எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது.

மழை வந்தால் பின்னறை ஒழுகும். நடுவில் அண்டா, கதவோரம் பித்தளைக் குடம், சுவரை ஒட்டித் தவலை. எது எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். வாடகை வாங்க வரும்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்வோம். "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். இன்னொரு தடவை சொன்னால், "சவுகரியப்படலைன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்பார். நான் வாடகையை எண்ணிக் கொடுத்துவிடுவேன்.

அந்த வருஷம் என் மனைவி நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்றும் மிச்சமில்லை. பிரசவம் அந்தப் பின்னறையில்தான். மருத்துவச்சி வந்து தரையைத் தொட்டுப் பார்த்து, "பச்சக் கொழந்தைய இந்த ஈரத்துலயா போடுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் கோர்ட்டுப் பியூன். அவர்தான் வழி சொன்னார். "வாடகை ஒழுங்கா குடுக்கறீங்க இல்ல? கூரைய சரி பண்ணித் தர்றது அவரு பொறுப்புண்ணா. கேட்டதுக்காக உங்கள வெளிய அனுப்ப முடியாது. வாடகைக் கன்ட்ரோல் ஆபீசுல ஒரு மனு குடுங்க."

கொடுத்தோம். இன்ன நாளில் அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது.

அங்கேதான் கெட்டது. பெரிய மனிதர் வருகிறாரென்று என் மனைவி, அந்த உடம்போடு, முந்தின நாளே பின்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டாள். நான் கடையிலிருந்து வந்து பார்த்தபோது ஈரக்கறை எதுவும் தெரியவில்லை.

"என்னடி இது?"

"அழுக்குச் செவுத்த காட்டி மானம் போகணுமா?" என்றாள்.

மறுநாள் நல்ல வெயில். அதிகாரி அண்ணாந்து பார்த்தார், சுவரைப் பார்த்தார். "எல்லிரீ? எங்க ஒழுகுது?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். கூட வந்திருந்த வீட்டுக்காரர் சிரித்தார். "கல்யாண வீடு மாதிரி வெச்சிருக்காங்க சார். இதுல என்ன கொறை?"

பேசி ஜெயிக்க என்னால் ஆகாது என்று தெரியும். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை எடுத்து வந்து, அண்டாவை நடுவில், குடத்தைக் கதவோரம், தவலையைச் சுவரோரம் வைத்தேன். பியூன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, வாளித் தண்ணீரோடு ஏறிக் கூரைமேல் ஊற்றினேன்.

முதலில் அண்டாவில் சத்தம் கேட்டது. பிறகு குடத்தில். இறங்கி வந்தபோது புதுச் சுண்ணாம்பின் மேல் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வழிந்து, நேராகத் தவலைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வேணும்னு தண்ணி ஊத்தினா எந்த வீடும்தான் ஒழுகும் சார்" என்றார் வீட்டுக்காரர்.

"மழையும் மேலருந்துதான்ரீ ஊத்துது" என்றார் அதிகாரி.

உடைந்த ஓடுகளையும், அவற்றைத் தாங்கும் உளுத்த ரீப்பர் கட்டைகளையும் மாற்றித் தரவேண்டும் என்று அங்கேயே சொன்னார். எத்தனை நாளுக்குள் என்று அவர் யோசித்தபோது எனக்குக் குரல் வந்தது. "கொழந்தை பொறக்கறதுக்குள்ள சார்."

அவர் கதவோரம் நின்ற என் மனைவியைப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் திரும்பி, "கேட்டுச்சில்ல?" என்றார்.

வேலை நடந்தது. வீட்டுக்காரர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வாடகையை மட்டும் வழக்கம்போல வாங்கிக்கொண்டார். நாங்களும் அங்கேயே இருந்தோம்.

பெண் குழந்தை பிறந்த அன்று காலையிலிருந்து மழை. மருத்துவச்சி உள்ளேயிருந்து வெந்நீர் கேட்டாள். அண்டா நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது, அடுப்பின் மேல்.