மாப்புக் கேட்கப் போன வீடுகள்

எங்களுக்குப் போட்டிருந்த கதிரைகளுக்குக் கைப்பிடி இல்லை. அந்த அறைக்குள் நுழைந்ததும் நான் கவனித்தது அதைத்தான். கைப்பிடி உள்ள கதிரையில் உட்காருவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய காரியமில்லை. எழும்பும்போதுதான் கதிரையும் கூடவே எழும்பும். புதுக்கடை நீதிமன்றத்தில் ஒருமுறை எனக்கு அது நடந்தது. நீதவான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனுசன். எடை குறைக்கும் சத்திரசிகிச்சை செய்துகொள்வது என்று அன்றைக்கு வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பும்போது முடிவெடுத்தேன்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் வைப்பார்கள். இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்துச் சிறிதாக்கிக்கொண்டவர்களும், அதற்காகக் காத்திருப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து கதைப்போம். செய்துகொண்டவர்கள் தங்கள் பழைய சட்டைகளைக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவார்கள். காத்திருக்கும் நாங்கள் கைதட்டுவோம். எனக்கு இப்படியான கூட்டங்களே பிடிக்காது. ஆனாலும் போனேன், ஏனென்றால் வராதவர்களுக்குச் சத்திரசிகிச்சைத் திகதி கொடுப்பதில்லை.

ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். நான் சட்டத்தரணி என்றும், குறுக்கு விசாரணையில் இரண்டு கேள்வி கேட்பதற்குள் மூச்சு வாங்குகிறது என்றும், அந்த இடைவெளியில் சாட்சிக்காரன் நல்ல பொய்யாக ஒன்றை யோசித்துவிடுகிறான் என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் கருப்பு அபாயாவில் ஒரு பெண் இருந்தார். கொட்டாஞ்சேனை, வீட்டில் தையல் வேலை, என்னைவிட ஏழெட்டு வயது இளையவராக இருப்பார். அவர் முறை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"எனக்கு நெத்தியத் தரையில வெச்சுத் தொழணும்."

பிறகுதான் விளக்கினார். வருஷக்கணக்காகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறாராம். முழங்கால் மடங்காது, மடங்கினாலும் வயிறு விடாது. பள்ளிவாசலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் எல்லோரும் தரையில் விழும்போது தான் மட்டும் எல்லோருக்கும் மேலே உயரமாக உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருக்கிறது என்றார். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சொன்ன பகிடியை எண்ணி எனக்கு முகம் சுட்டது.

எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் திகதி கிடைத்தது. காலையில் முதலில் அவர், அடுத்தது நான். அதனால் எங்களைச் சோடியாக்கிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பாட்டு ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டும். கடைசி இரண்டு கிழமைகளுக்குச் சோறு, பாண், சீனி, எண்ணெய் எதுவும் கிடையாது. புரத மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், வடித்த சூப் குடிக்கலாம், சீனி போடாத பிளேன்டீ குடிக்கலாம். எங்களைப் போன்றவர்களின் கல்லீரல் கொழுத்து, இரைப்பையின் மேல் மூடிக்கொண்டு கிடக்குமாம். இப்படி இரண்டு கிழமை இருந்தால் அது சுருங்கி வழிவிடும். சுருங்காவிட்டால், உள்ளே கமராவை விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டு வந்துவிடுவேன் என்று டொக்டர் கூட்டத்தில் சொன்னார். எங்களைப் பயப்படுத்தச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த நாட்களில் இடறி விழப் போனது நான்தான். நீதிமன்றத்துக்கு முன்னால் உள்ள சாப்பாட்டுக்கடையில் மத்தியானம் ரோல்ஸ் பொரிப்பார்கள். ஒருநாள் ஒன்றைக் கையிலும் எடுத்துவிட்டேன். அப்போது பார்த்து அவர் தொலைபேசியில் கூப்பிட்டார், கையில் இருப்பதைச் சொன்னேன். வைத்துவிடுங்கோ அக்கா, வைத்துவிட்டு வெளியே வந்து பேசுங்கோ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வைத்தேன். கடைக்காரர் சிங்களத்தில் முணுமுணுத்தார். அன்றிலிருந்து, எனக்குச் சரியான ஆளைத்தான் சோடியாகத் தந்திருக்கிறார்கள் என்ற நிம்மதியில் இருந்தேன்.

கடைசிக் கிழமையில் அவரது அழைப்புகள் குறைந்தன. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் மாப்புக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். ஹஜ்ஜுக்குப் போகுமுன் முஸ்லிம் நண்பர்கள் இப்படி வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பதை நான் அறிவேன். சத்திரசிகிச்சைக்கு முன்னும் அப்படியே. நல்ல பழக்கம் என்று சொன்னேன். எனக்கும் ஒரு வழக்கு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

அன்று காலை அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். நான் தியேட்டருக்கு வெளியே தள்ளுகட்டிலில் படுத்திருந்தேன். என் முறை வர வெகுநேரமாகும் என்று தாதி சொல்லியிருந்தார். நான் கண்ணை மூடி நன்றாக நித்திரை கொள்ளக்கூட இல்லை, கதவு திறந்தது. அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. உயிர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். மூச்சு ஏறி இறங்கியது. தாதிகள் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை, திரையை இழுத்துவிட்டார்கள். பின்னாலேயே டொக்டர் வந்தார். முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு என் கட்டிலருகே நின்றார்.

"நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கோ. ரெண்டு கிழமையும் ஒழுங்காக இருந்தனீங்களா?"

ஓம் என்றேன். இன்றைக்கு ஒருவரை மூடிவிட்டு வந்தது போதும் என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். அவரது கல்லீரல் வழிவிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மயக்க மருந்து ஏற்றும்வரை அது எப்படி நடந்திருக்கும் என்பதே மண்டைக்குள் சுற்றியது. கண் விழித்தபோது எனக்குச் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. ரோல்ஸைத் தொட்ட என் கல்லீரல் சுருங்கியிருக்கிறது, என்னைத் தடுத்தவருடையது சுருங்கவில்லை. இதில் நியாயமே இல்லை.

மறுநாள் என்னை நடக்கச் சொன்னார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவரது அறைக்குத்தான் நடந்தேன். வீட்டுக்குப் போக உடுத்துத் தயாராக இருந்தார். அவரது கணவர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். என்னைக் கண்டதும் அவரது முகம் கோணியது. நான் ஆறுதல் சொல்லத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது விசாரணை.

"எங்க சாப்பிட்டனீங்கள்?"

மாப்புக் கேட்கப் போன வீடுகளில் என்றார். எத்தனை வீடு என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் என்றார். கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டில் இடியப்பமும் மாட்டுக் குடலில் சமைத்த பாபத் கறியும். களனியில் நாநா, அவரது அண்ணன், வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரியாணி. தெமட்டகொடையில் ஒரு சாச்சி, அவரது உம்மாவின் தங்கை. ஒரு கலியாணப் பேச்சில் மனம் முறிந்து பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். அந்த சாச்சி இவரைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுது, சோறு பிசைந்து தன் கையாலேயே ஊட்டியிருக்கிறார், பிறகு இனிப்புக்கு வட்டலப்பம். புரதக் கரைசலையும் விடவில்லையாம். அதையும் மூன்று வேளை குடித்திருக்கிறார். ஆகவே உணவு ஆலோசகர் கரைசலைக் குடித்தீர்களா என்று கேட்டபோது குடித்தேன் என்று சொன்னதில் பொய்யில்லை என்றார்.

டொக்டர் விடவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"மாப்புக் கேட்டுப் போன வூட்டுல வெச்சதத் தொடாம எழும்பினா, வாயால கேட்டாள், மனசுல இன்னம் வெச்சிக்கொண்டு ஈக்காள் எண்டுதானே நெனப்பாங்க? டொக்டர் எண்டு சென்னா சாட்டுச் சொல்ற மாதிரித்தான் அக்கா கேக்கும்."

"உங்களுக்கு விசரே? இதுக்காகத்தானே இவ்வளவு நாளும் பாடுபட்டனீங்கள்?"

"உள்ள போனா திரும்பி வருவேனோ தெரியாதே" என்றார். "சாச்சியோட கோவத்தோட மௌத்தாப் போனா, வயிறு சின்னதா இருந்து என்ன செய்ய?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று கட்சிக்காரர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள் நான். இந்தச் சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டு, புதுச் சேலைக்கு என்ன நிறத்தில் ரவிக்கை தைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் மரணம் என்ற சொல் இருந்ததை இவர் வாசித்திருக்கிறார். நான் சத்திரசிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே இரண்டு கிழமையில் இவர் சாவுக்குத் தயாராகியிருக்கிறார். தினமும் பேசியும் எனக்கு அது தெரியவில்லை.

டொக்டர் இன்னொரு திகதி கொடுத்தார். இதுவும் பிழைத்தால் இனித் தன்னிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மறுபடி இரண்டு கிழமைச் சாப்பாட்டு ஒழுங்கு தொடங்கிய நாளில் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நானே அப்போது கரைத்த உணவில்தான் இருந்தேன். வீட்டு வாசலிலேயே கறி மணத்தது. உள்ளே அந்த தெமட்டகொடை சாச்சி, அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். பிள்ளைக்கு உடம்பில் பெலன் இல்லாததால்தான் ஆபரேஷன் சரிவரவில்லை, இந்த முறை நன்றாகத் தின்னக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். இவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. என்ன ஆபரேஷன் என்று இவர் சொந்தக்காரருக்குச் சரியாகச் சொல்லவே இல்லை, வயிற்றில் ஏதோ என்றுதான் சொல்லியிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரைப்பை, கல்லீரல், கமரா, மூடிக்கொண்டு வந்தது, இனி ஒரு தடவைதான் இருக்கிறது என்பது வரை. கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். சாச்சி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப, அண்டைக்கி நான் ஊட்டின சோத்தாலயா இவளத் திருப்பி அனுப்பின?"

கேள்வி என்னிடம்தான் வந்தது. ஓம் என்பது உண்மை. அதைச் சொன்னால் மறுபடி அந்த வீட்டில் என்ன உடையும் என்று எனக்குத் தெரியும். இவர் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"இல்ல சாச்சி. நான் தின்னதால."

சாச்சி பெட்டியை ஒவ்வொரு அடுக்காக மூடினார். இவளுக்கு என்ன கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். தண்ணீர், பிளேன்டீ, வடித்த சூப் என்றேன். அடுத்த நாளிலிருந்து அவர் தெமட்டகொடையிலிருந்து தினமும் காலையிலேயே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுடன் வந்த மச்சிமாரையும் மாமிமாரையும் அங்கேயே மறித்துத் திருப்பினார். அதில் இரண்டு பேருடன் புதிதாகச் சண்டையும் பிடித்துவிட்டார். சண்டை பிடிக்கத் தெரிந்த ஒருவர்தான் எங்களுக்கு அதுவரை இல்லாமல் இருந்திருக்கிறார்.

இரண்டாவது முறை சத்திரசிகிச்சை நடந்தது. கல்லீரல் வழிவிட்டது என்று டொக்டர் அவரது கணவரிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். சாச்சி அழுதார். நானும் அழுதேன், அது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் போயிருக்கும். ஒருநாள் மத்தியான இடைவேளையில் புதுக்கடையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. அவர்தான், குரல் மிகவும் மெதுவாக இருந்தது. இப்போதுதான் தொழுது முடித்தேன், தரையில் என்றார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம். குனிந்து நெற்றியை வைத்துவிட்டாராம், ஆனால் முழங்கால் பிடித்துக்கொண்டதால் உடனே எழும்ப முடியவில்லையாம். தனியாக இருக்கும்போது யார் இதைச் செய்யச் சொன்னது, விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும், யாரையாவது சத்தம் போட்டுக் கூப்பிட்டீர்களா என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் மூச்சு வாங்காமல் கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"கூப்பிடல்ல அக்கா. எழும்பி என்ன அவசரம். எத்தின வருஷத்துக்குப் பொறகு போய்ச் சேந்த எடம், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன்."