கரண்டைக் களைக்க வைத்த கம்பி

எங்கள் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் அமிர்தநாயகத்திடம் மின்விசிறியைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கியவர் எவருமில்லை. நானும் இரண்டு கொடுத்து இரண்டையும் இழந்தவன். பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பதற்குக் கிடைத்த தண்டனை. மனிதர் மீன்பிடியை விட்டு மின்வேலைக்கு வந்தவர். ஃபியூஸ் போனால், மெல்லிய செம்புக் கம்பியை விரலில் சுற்றிச் சுருளாக்கிப் பொருத்துவார்.

"நேரா விட்டால் கரண்ட் பாய்ஞ்சு வரும். வளைஞ்சு வளைஞ்சு வந்தால் களைச்சுப் போயிடும்" என்பார்.

கரண்ட் ஒருநாளும் களைத்ததில்லை. பச்சைச் சுடரோடு சுருள் டமாரென்று வெடிக்கும், தெருக் கழுதைகள் நாலாபக்கமும் ஓடும்.

அதனால் அவர் மனைவி மார்த்தா தன் வீட்டு மின்விசிறி பழுதானால் அவரிடம் தரமாட்டாள். பஸ்ஸில் மன்னாருக்குக் கொண்டுபோவாள். ஊரே திட்டினாலும் சிரித்துக்கொண்டு நிற்பவர், அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் அன்று சோற்றைத் தொடமாட்டார்.

போன வருட மாதா கோயில் பெருநாளில், ஊர்வலமாகத் தூக்கிவந்த மாதா சுரூபம் கோயில் வாசலைத் தாண்டும்போது கொளுத்த வேண்டிய வெடிகள் மழையில் நனைந்துவிட்டன. அதே நேரம் அமிர்தநாயகம் கட்டிய அலங்கார விளக்கில் எங்கோ இரண்டு கம்பிகள் உரச, சுருள் வெடித்தது. சனம் மெய்சிலிர்த்துக் கும்பிட்டது. பங்குச் சுவாமியார் அதை ஏற்பாடு என்றே நம்பிவிட்டார்.

"அடுத்த வருசமும் இதே மாதிரிச் செய்யுங்கோ."

அமிர்தநாயகம் மறுக்கவில்லை. அவர் தொழிலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இந்த வருடம் மனிதர் பெரிய சுருளாகச் சுற்றினார். பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு இணைப்பையும் நாலுதரம் பார்த்துக் கட்டினார். சுரூபம் வாசலுக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். ஒன்றும் வெடிக்கவில்லை, விளக்குகள் கடைசிவரை கண்சிமிட்டாமல் எரிந்தன. இத்தனை காலமும் வெடித்தது அவருடைய கவனக்குறைவுதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெட்கத்தோடு வீட்டு முற்றத்தில் குந்தியிருந்தவர் முன் மார்த்தா மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இண்டைக்கு ஒண்டும் வெடிக்கேல்லத்தானே. இந்த ஃபானையும் ஒருக்காப் பாருங்கோ."

அவர் கண் கலங்கியதை வேலிக்கு மேலால் பார்த்தேன். சந்தோசத்தில் அவசர அவசரமாகக் கழற்றினார், பூட்டினார், இணைப்பைச் சரிபார்க்க மறந்து சுவிட்சைப் போட்டார்.

கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சனம் அந்தச் சத்தத்துக்குத் தெருவிலேயே நின்று சிலுவை அடையாளம் போட்டது.